கால் வீக்கம்: இல்லை

கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது பெருவிரலை வைத்து அழுத்த வேண்டும். அவசரப்படக் கூடாது. விரலை எடுத்ததும் தோல் நிமிர்ந்துகொண்டால் கவலையில்லை. குழி விழுந்து, அது அப்படியே நின்றால், உடம்பில் நீர் தேங்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரின் இதயம் தளர்ந்தால் அந்தக் குழி பெரும்பாலும் முதலில் காலில்தான் தெரியும். மருத்துவம் படிக்கத் தொடங்கிய நாட்களிலேயே கற்றுக்கொடுக்கப்படும் எளிய சோதனை அது. நான் அதை மிக அதிகமாகச் செய்தது எந்த மருத்துவமனையிலும் அல்ல. ராஜபாளையத்தில் என் வீட்டில், என் மனைவியின் காலில்.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயிலோடு தலைமுறைகளாகத் தொடர்புள்ள குடும்பத்தில் பிறந்தவள். கணவன் தன் காலைத் தொடுவது நோயைவிடப் பெரிய துன்பமாக இருந்தது அவளுக்கு. காலையில் நான் கட்டிலின் கால்மாட்டில் உட்காரும்போதே "அபசாரம், அபசாரம்" என்று முணுமுணுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

"வைத்தியர் தொடறார்னு நெனச்சுக்கோயேன்" என்றேன் ஒருமுறை.

"எந்த வைத்தியர் காப்பி கலந்து குடுத்துட்டு வந்து காலைத் தொடறார்?"

கடைசி மாதங்களில் அவள் அந்தச் சொல்லைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் அழுத்தினேன், அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. செய்ய வேண்டியவை அனைத்தும் செய்யப்பட்டன. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அவள் காலமான சில மாதங்களில், முன்பு என்னோடு பணியாற்றிய ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். காணொளி வழியாக மருத்துவம் பார்க்கப்படும் கிராமத்து நோயாளிகளின் உடல்நிலையை, மருத்துவர் நேரில் பார்ப்பவர்களின் உடல்நிலையோடு ஒப்பிடும் ஆய்வு ஒன்றை அவர் நடத்திக்கொண்டிருந்தார். தரவுகளைச் சரிபார்க்க அனுபவமுள்ள ஓர் ஆள் தேவை என்றார். அவரிடம் ஆட்களுக்குக் குறைவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மறுநாளிலிருந்து, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த அவருடைய அலுவலகத்துக்குப் போய்வரத் தொடங்கினேன்.

காணொளி மருத்துவத்தை நான் ஐயத்தோடு அணுகவில்லை. கிராமத்தில் இருப்பவர் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றி வாங்குவதற்காக ஒரு நாள் வேலையை விட்டு, இரண்டு பேருந்து மாறி, வரிசையில் நின்று, மருத்துவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்புவதை வாழ்நாள் முழுவதும் கண்டவன் நான். ஊரிலுள்ள துணை சுகாதார நிலையத்திலேயே திரையில் மருத்துவர் கிடைக்கிறார் என்றால், அது சிறிய நன்மை அல்ல. மாத்திரைகளை இடைவிடாமல் உட்கொள்வோர் காணொளிப் பிரிவில் அதிகம் என்று தரவுகள் காட்டியபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. வியப்பளித்தது வேறொன்று.

"சார், இதைப் பாருங்க. வீடியோவுல பாத்தவங்களுக்குக் கால் வீக்கம் ரொம்பக் குறைவு. இதய நோய் இருக்கறவங்களுக்குக்கூட" என்று ஒரு நாள் அம்மையார் கணினியை என் பக்கம் திருப்பினார். அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது. இறுதி அறிக்கையை எழுத வேண்டிய காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"வீக்கம் குறைவா, வீக்கத்தைப் பார்த்தது குறைவா?"

"எல்லாத்துலயும் 'கால் வீக்கம்: இல்லை'ன்னு பதிவாகியிருக்கே சார்."

"இல்லைன்னு யார் சொன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க சந்தேகப்பட்டு ஆரம்பிச்சா என் அறிக்கை அடுத்த வருஷமும் முடியாது" என்று சிரித்தார். பிறகு, "போய்ப் பாத்துட்டு வாங்க. ஆனா நம்ம விதி ஞாபகம் இருக்கட்டும். பாக்க மட்டும்தான்" என்றார்.

பார்வையிடச் செல்பவர் சிகிச்சையில் தலையிடக் கூடாது என்பது அந்த விதி. தலையிட்டால் நாம் ஆராய்வது வழக்கமான சிகிச்சையாக இருக்காது. வேலையில் சேர்ந்த புதிதில் அந்த விதியின் வாசகத்தை எழுதிக்கொடுத்தவன் நான்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்புப் பேருந்தில் மாறி, கான்சாபுரத்துக்கு அருகில் ஒரு சிற்றூருக்குப் போனேன். துணை சுகாதார நிலையத்தில் ஒரு மேசை, மேசைமேல் தாங்கியில் நிறுத்திய டேப்லெட், எதிரே நோயாளிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் செவிலியர் உட்கார்ந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, மருத்துவர் சொல்வதைப் பதிவு செய்வார். அவர் அதே வட்டாரத்துப் பெண். வந்தவர்களில் பாதிப்பேர் அவரை உறவு சொல்லி அழைத்தார்கள். வேறொரு ஊரிலிருந்து திரையில் தெரிந்த மருத்துவர் இளைஞர், பொறுமையானவர். நான் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். சிலர் நாற்காலியில் அமரும் முன் திரையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். முகம் கழுவிப் பவுடர் பூசி, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்கள். அமர்ந்தவுடன் அத்தனை பெண்களும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: இரு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, சேலைக் கொசுவத்தை அவற்றின் மேல் விட்டுக்கொண்டார்கள். ஆண்களும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். பெரியவர் முன்னால் உட்காரும் முறை அது. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

முற்பகலில் ஓர் அம்மாள் வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவராக இருப்பார். வயல் வேலை செய்பவர் என்பது கைகளில் தெரிந்தது. வாசலிலிருந்து நாற்காலிவரை வருவதற்குள் சுவரை ஒருமுறை பிடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் திரையில் இருந்த மருத்துவர்.

"இருக்கேன்யா. நல்லாதான் இருக்கேன்" என்று அவர் சொன்னபோது அந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் ஒரு மூச்சு எடுத்தார்.

"கால்ல வீக்கம் ஏதும் இருக்கா?"

"அதெல்லாம் இல்லய்யா."

"கொஞ்சம் காலைத் தூக்கி கேமராவுக்குக் காட்டுங்க, பாத்துடறேன்."

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயே!"

"டாக்டர் கேக்காவல்லா, காட்டுங்க பெரியம்மா" என்றார் செவிலியர்.

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? எம்புட்டுப் பெரிய படிப்புப் படிச்சிட்டு அவிய உக்காந்திருக்காவ. அவிய மூஞ்சிக்கு நேரே காலத் தூக்கிக் காட்டணுமாம்லா! ஒங்காத்தா காதுல விழுந்தா வாரியல எடுத்து அடிக்க வருவா."

"எங்காத்தாவே போன மாசம் இப்படித்தான் காட்ட மாட்டேன்னுட்டா" என்று செவிலியர் சொல்ல, வாசலில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மருத்துவரும் சிரித்துவிட்டார். "சரி, சரி. இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. மாத்திரையை விடாம சாப்பிடுங்க" என்றார். செவிலியர் பதிவு செய்தார். அவர் என்ன பதிவு செய்தார் என்பதை நான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நான் தேடி வந்த விடை கிடைத்துவிட்டது. நேரில் பார்க்கும் மருத்துவர் தானே குனிகிறார். நோயாளி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. திரையில் இருக்கும் மருத்துவரால் குனிய முடியாது. ஆகவே நோயாளி காலை உயர்த்த வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் யார் செய்வார்கள் அதை? வீக்கம் குறையவில்லை. மரியாதை அதை மறைத்திருந்தது. ஆய்வாளன் என்ற முறையில் நான் அப்போதே எழுந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருக்கலாம்.

ஆனால் அந்த அம்மாள் எழுந்து போகும்போது சேலை சற்று விலகியது. பாதத்தின் மேல்புறத்தில் செருப்பு வார் பதிந்த தடம் இருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது. அதைக் கழற்றி வெகு நேரம் ஆகியிருந்தது. தடம் மட்டும், களிமண்ணில் அழுத்தியதுபோல், அப்படியே இருந்தது.

விதியை நினைத்தேன். அதிக நேரம் நினைத்ததாகச் சொல்ல முடியாது.

வாசலில் சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சிமெண்டுச் சரிவின் விளிம்பில் உட்கார்ந்து அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் அவர் எதிரே போய், "அம்மா, உங்க காலை நான் ஒரு தடவை அழுத்திப் பாக்கணும்" என்று சொல்லிக் குனிந்தேன். அவர் பதறி எழுந்துவிட்டார்.

"என்னய்யா இது! நரச்ச தலையோட வந்து எங் காலத் தொடப் போறியளே. எனக்குல்லா பாவம் சுத்தும்!"

"நானும் டாக்டர்தாம்மா."

"டாக்டரா இருந்தா என்ன, வயசு இல்லாமப் போயிருமா? செவுத்துப் பக்கம் உக்காந்திருந்தவிய தானே நீங்க? அங்கன பேசாம இருந்துட்டு இப்ப வந்து காலக் கேக்கியளே."

"அப்ப பாக்க மட்டும்தான் எனக்கு அனுமதி."

"இப்ப யாரு குடுத்தா?"

கெட்டிக்காரர். நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். என் முழங்கால்கள் அதை விரும்பவில்லை. செவிலியர் சத்தம் கேட்டு வெளியே வந்து நின்றார்.

"என் வீட்டில இருந்தவங்க காலை நான் தினமும் தொட்டுப் பாத்தேம்மா" என்றேன். அதைச் சொல்ல நான் எண்ணியிருக்கவில்லை. "அவங்களும் வேண்டாம்னுதான் சொன்னாங்க. நோய் அப்படி. பாத்தாத்தான் தெரியும்."

"இப்ப எப்படி இருக்காவ?"

"தவறிட்டாங்க."

கேள்வி இயல்பாக வந்தது. பதிலும் அப்படித்தான் வந்தது. மனைவி இறந்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்களிடம் நான் அந்தச் சொல்லைச் சொல்ல நேர்ந்ததில்லை. வந்தவர்கள் அனைவரும் தெரிந்துகொண்டே வந்தார்கள். முதன்முதலாக ஒருவரிடம் அதைச் செய்தியாகச் சொன்னேன்.

அந்த அம்மாள் மெதுவாக விளிம்பில் மறுபடி உட்கார்ந்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் சிறிது தூக்கி, வலது காலை என் பக்கம் நீட்டினார்.

பெருவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். விரலின் முதல் கணு புதையும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிமிரவில்லை. இன்னும் மேலே, முழங்காலுக்கு அருகில் அழுத்தினேன். அங்கும் விழுந்தது.

செவிலியர் உள்ளே போய், அடுத்த நோயாளியிடம் சற்று நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, டேப்லெட்டோடு திரும்பி வந்தார். அம்மாள் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். "அவியளயுமா தூக்கிட்டு வந்துட்ட?"

"டாக்டர் முகம் தெரியற பக்கத்தை நர்ஸம்மாவைத் தன் பக்கம் திருப்பி வச்சுக்கச் சொல்றேன். உங்க காலுக்கு நேரே டேப்லெட்டோட முதுகுதான் இருக்கும்" என்று நான் சொன்னேன். செவிலியர் திரையைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பின்பக்கக் கேமராவைக் காலுக்குக் காட்டினார்.

"முதுகு வழியாவும் அவியளுக்குக் கண்ணு தெரியுமாக்கும்?" என்றார் அம்மாள். ஆனாலும் காலை நீட்டினார். திரைக்கும் பாதத்துக்கும் நடுவே மரியாதை எங்கே முடிகிறது என்பதை அவர் தமக்குள் தீர்மானித்துவிட்டார் என்று தோன்றியது.

இம்முறை செவிலியர் ஒரு கையால் அழுத்தினார். குனிந்த அவர் தலையில் அம்மாள் தன்னையறியாமல் கை வைத்து, "நல்லா இரு தாயி" என்றார். திரையிலிருந்து வந்த குரலில் முன்பிருந்த சிரிப்பு இல்லை.

"அம்மா, ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதா?"

"படுத்தால்லாய்யா தெரியும். நான் படுக்கதே இல்லையே. உக்காந்துதான் தூங்குதேன்."

"எவ்வளவு நாளா?"

"வெள்ளாமை அறுத்ததுல இருந்து."

மருத்துவர் உடனே ஆம்புலன்ஸை வரவழைக்கச் சொன்னார். அம்மாள் ஒப்பவில்லை. ஆடுகளைக் கட்டிப்போட்டிருப்பதாகவும், பொழுது சாய அவிழ்க்க வேண்டும் என்றும், நாளைக்குப் பேருந்தில் போய்க்கொள்வதாகவும் சொன்னார். நாளை என்பது அவருக்கு உறுதியில்லை என்பதை எனக்குத் தெரிந்த மிகச் சாதாரணமான சொற்களில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் யாரை இழந்தவன் என்பது சற்று முன்னால்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. "ஆட்டை நான் அவுத்து விடுதேன், நீங்க கெளம்புங்க பெரியம்மா" என்றார் செவிலியர். தென்னந்தோப்பில் காவல் வேலையிலிருந்த கணவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். வண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பியது.

மறுநாள் அம்மையாரிடம் நடந்ததைச் சொன்னேன்; விதியை மீறியதையும் சொன்னேன். அவர் கணினியில் அந்தப் பதிவுகளைத் திறந்தார்.

"அந்த 'இல்லை'யை எல்லாம் என்ன பண்றது சார்?"

"யாரும் அழுத்திப் பாக்காத எடத்துல 'இல்லை'ன்னு எழுதக் கூடாது. 'பார்க்கப்படவில்லை'ன்னு எழுதணும்."

"நல்ல செய்தின்னு இருந்ததே அது ஒண்ணுதான்."

"மாத்திரை விடாம சாப்பிடறாங்களே. அது உண்மை. அது போதாதா?"

அன்று மாலை நான் கிளம்பும்போது, காணொளி நடக்கும் நிலையங்கள் எல்லாவற்றுக்கும் அனுப்ப வேண்டிய குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார்: நோயாளியைக் காலை உயர்த்தச் சொல்ல வேண்டாம்; செவிலியர் குனிந்து அழுத்திப் பார்க்க வேண்டும்; பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்த வேண்டும்; மருத்துவரின் முகம் நோயாளியின் காலுக்கு எதிரே இருக்கக் கூடாது. கடைசி வரிக்குக் காரணம் எழுத வேண்டுமா என்று கேட்டார். நம் ஊர்களுக்குத் தேவைப்படாது என்றேன்.

அந்த வார இறுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனைக்குப் போனேன். ஆய்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெண்கள் வார்டில் உணவு வேளை. அந்த அம்மாள் கட்டிலில் சாய்ந்தவாறு, மடியருகில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். முகம் சிறுத்திருந்தது, தேங்கிய நீர் வடிந்திருந்தது. முந்தின இரவு படுத்து உறங்கினார் என்று பணியில் இருந்த மருத்துவர் சொன்னார். இதயம் பலவீனமாகத்தான் இருக்கும். மாத்திரையும் உப்பில்லாத சாப்பாடும் தவறாமல் இருந்தால் வீட்டில் வாழ முடியும். உப்பு சேர்ந்தால் மறுபடி இங்கேதான் வர வேண்டும், அடுத்த முறை இவ்வளவு எளிதாக இருக்காது என்றும் சொன்னார்.

"வாங்கய்யா. இந்தச் சோத்தச் செத்தப் பாருங்க" என்றார் அம்மாள் என்னைக் கண்டதும். "உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. ஆட்டுக்குத் தண்ணி காட்டும்போதுகூட ஒரு கல்லு உப்புப் போடுவேன் நான்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் கணவர் எதையோ முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஊறுகாய் வாடை வந்தது.

"ஒரே ஒரு கீத்து மாங்காதான்யா" என்றார் அவர் என்னிடம். "நாக்குல வைக்கக்கூட இல்ல. கண்ணால பாத்துக்கிட்டே தின்னுட்டும்னு கொண்டாந்தேன்."

"கண்ணால பாக்கதுக்கு எதுக்கு மூணு கீத்து கொண்டாந்தீய?" என்றார் அம்மாள்.

நான் இருவருக்கும் விளக்கினேன். அந்த உப்பு உடம்புக்குள் நீரைத் திரும்ப இழுக்கும். நீர் சேர்ந்தால் மறுபடி உட்கார்ந்துதான் தூங்க வேண்டியிருக்கும். கணவர் இலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எம்புட்டு நாளைக்கு இப்படி?" என்றார் அம்மாள்.

"இனிமே எப்பவும்தாம்மா."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கவளத்தை உருட்டி, வாய்வரை கொண்டுபோய், திரும்ப வைத்தார். "இதைத் தின்னுக்கிட்டு இருக்கதுக்கு..." என்று தொடங்கி, கணவர் பக்கம் ஒருமுறை பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

"பழகிரும்மா."

"சொல்லுதது லேசு. நீங்க தின்னு பாத்திருக்கியளா?"

"தின்னிருக்கேன். ரெண்டு பேருக்கும் தனித்தனியா சமைக்க வேண்டாம்னு வீட்ல எல்லாமே உப்பில்லாமதான்."

"அவிய இருந்தப்ப."

"இப்பவும் அப்படித்தான்."

"இப்ப எதுக்குய்யா?"

வார்டில் தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பலரிடம் பல கேள்விகளைக் கேட்டு விடைகளைப் பதிந்தே வாழ்ந்தவன் நான். இந்தக் கேள்வியை நான் என்னிடம்கூடக் கேட்டிருக்கவில்லை. ரசக் கிண்ணத்தை அம்மாள் பக்கம் நகர்த்தினேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தட்டை நெருக்கமாக இழுத்து, கிண்ணத்திலிருந்த ரசம் முழுவதையும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, சாப்பிடத் தொடங்கினார்.